புது வீட்டில் சாமி மேடை, மகள் கேட்ட வட துருவக் கேள்வி

தெங்கா அப்பா | வெள்ளி, இரவு 9:40

வணக்கம். சிங்கப்பூரின் தெங்காவில் எங்கள் பிடிஓ (அரசு கட்டித் தரும் புது அடுக்குமாடி) வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. சாமி மேடையைக் கிழக்குப் பார்த்து வைக்க வேண்டும் என்று ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா சொன்னார். கூடத்தின் நடுவில் நின்று கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்தேன். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்தான் கிழக்கு என்றது. பாம் ஷெல்டர் (குண்டுவீச்சுக்குத் தப்ப வீட்டுக்குள்ளேயே கட்டிய அறை) கதவுப் பக்கம் நாலு எட்டு வைத்ததும் முள் முப்பது பாகைக்கு மேல் திரும்பிவிட்டது. கைப்பேசியைத் தரையில் வைத்துப் பார்த்தேன், கதவை ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன், எட்டுப் போட்டுச் சுழற்றினேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கிழக்கு.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மகள் (தொடக்கநிலை 5) கேட்டாள்: "வட துருவத்துல வீடு கட்டினா சாமி மேடையை எங்கப்பா வைப்பாங்க?" அங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் தெற்குதான் என்றேன். "அப்ப கிழக்கே கிடையாதா? நான் அங்க நின்னு வலது கையை நீட்டினா அது என்ன திசை?"

பதில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டேன். "சூரியன் உதிக்கிற பக்கம் கிழக்கு, இதிலென்ன குழப்பம்" என்றார் அப்பா. அவருக்கும் புரிய வேண்டும், அவளுக்கும் புரிய வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன்காரன் | வெள்ளி, இரவு 9:58

வட துருவத்தில் காம்பஸ் ஊசி சுற்றிக்கொண்டே இருக்கும் என்று படித்திருக்கிறேன் அண்ணா. காட்டுவதற்கு வடக்கு இல்லாவிட்டால் மற்றத் திசைகளும் இல்லைதானே.

நிலாமகள் | வெள்ளி, இரவு 10:31

உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்றுத் தருகிறேன். பெரிய பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுமாறுவார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஈசூன்காரன் சொன்னதில் இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்திருக்கிறது. பூமி சுழலும் அச்சு தரையைத் தொடும் புள்ளி ஒன்று. அதுதான் தீர்க்கரேகைகள் எல்லாம் வந்து சேரும் வட துருவம். காந்தத் துருவம் வேறு. காந்த ஊசி நேர் செங்குத்தாகக் கீழே பார்க்கும் இடம் அது. 1831ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் அதைக் கண்டுபிடித்தார். அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆண்டுக்கு 50 கி.மீ.க்கு மேல் நகர்ந்தது, இப்போது சுமார் 35 கி.மீ. இன்றைக்கு ஆர்க்டிக் பெருங்கடலில், உண்மையான துருவத்திலிருந்து ஏறக்குறைய 450 கி.மீ. தள்ளி, சைபீரியாவைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே உங்கள் மகள் வட துருவத்தில் நின்று காம்பஸைப் பிடித்தால் ஊசி சோம்பலாக ஆடி ஏதோ ஒரு பக்கம் நிற்கும். ஊசியின் "வடக்கு" முனை காட்டும் அந்தப் பக்கமும் தெற்குதான்!

இனி காம்பஸை ஒதுக்கிவிடுவோம். கிழக்கு என்பது என்ன? பூமி எந்தப் பக்கம் சுழன்று போகிறதோ அந்தப் பக்கம். சிங்கப்பூரில் நம் காலடித் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. வடக்கே போகப் போக நாம் போடும் வட்டம் சிறுத்துக்கொண்டே வரும், வேகமும் குறையும். 60 பாகை அட்சரேகையில் பாதி வேகம். துருவத்துக்கு 10 மீட்டர் தூரத்தில் நிற்பவர் ஒரு நாள் முழுக்கச் சுற்றும் தூரம் 63 மீட்டர், ஐந்து பேருந்து நிற்கும் இடத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். துருவப் புள்ளியில் தரை எந்தப் பக்கமும் போவதில்லை. ஒரு நாளுக்கு ஒரு சுற்று ஆளை நின்ற இடத்திலேயே திருப்பிவிடும், அவ்வளவுதான். எதை வைத்துக் கிழக்கு என்கிறோமோ அந்த ஓட்டமே அங்கே இல்லை.

தாத்தாவிடம் திரிகையைச் சொல்லுங்கள். கைப்பிடி வட்டம் போடும், நடு முளை எங்கேயும் போகாது. முளையைக் காட்டி "இது எந்தப் பக்கம் ஓடுகிறது" என்று கேட்டால் என்ன சொல்வது?

அவர் சொன்ன சூரிய உதயத்துக்கும் பதில் இருக்கிறது. வட துருவத்தில் ஆண்டுக்கு ஒரே ஒரு உதயம், மார்ச் மாதம். அதுவும் மிக மெதுவாக. விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் மேலே வர ஒரு நாளைக்கு மேல் ஆகும். அதற்குள் சூரியன் அடிவானத்தை ஒட்டி முழுச் சுற்றும் சுற்றி முடித்திருக்கும். எந்தப் பக்கம் உதித்தது என்று அங்கே நிற்பவரால் கை காட்டவே முடியாது.

குமிழ்முனை | வெள்ளி, இரவு 11:12

டீச்சர் விளக்கம் அருமை. ஆனால் ஓரிடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை.

அந்தப் பிள்ளை கேட்டது, "வலது கையை நீட்டினா அது என்ன திசை" என்று. அவளால் கையை நீட்ட முடியும். நீட்டிய பக்கம் நடக்கவும் முடியும். துருவத்தில் இடது இருக்கிறது, வலது இருக்கிறது, 360 பாகையும் இருக்கிறது. அப்படியிருக்கத் "திசையே இல்லை" என்று சொல்லிவிட்டால் துருவம் ஏதோ பள்ளம் மாதிரியும் அங்கே போனால் எல்லாம் மறைந்துவிடும் மாதிரியும் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அது பனி போர்த்திய சாதாரண இடம். அங்கே பயனில்லாமல் போவது நாலு பெயர்கள் மட்டும்தான்.

நிலாமகள் | வெள்ளி, இரவு 11:25

ஒப்புக்கொள்கிறேன். "கிழக்கு என்ற பெயர் அங்கே ஒட்டாது" என்று சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும். ஒரு மீட்டர் தள்ளி நின்றாலே நாலு பெயர்களும் திரும்ப வந்துவிடும். ஆனால் அங்கே கிழக்கே நடக்க ஆரம்பித்தால் நேராகப் போக முடியாது, விளக்கைச் சுற்றுகிற மாதிரி வளைந்து வளைந்துதான் போக வேண்டும். ஒரு மீட்டர் வட்டத்தில் ஆறு மீட்டர் சொச்சம் நடந்தால் உலகத்தின் எல்லாத் தீர்க்கரேகைகளையும் தாண்டிவிடலாம்.

நம்மூரிலும் பிள்ளைகளுக்குக் காட்ட ஓர் உதாரணம் உண்டு. ஜூரோங் ஈஸ்ட் தீவின் மேற்கில் இருக்கிறது. ஜூரோங்கில் நின்று பார்ப்பவருக்குத்தான் அது கிழக்கு. திசைப் பெயர் என்பது எப்போதும் எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான்.

கடலோடி | சனி, காலை 6:50

காலையில்தான் பார்த்தேன். கப்பலில் 31 வருடம் மேல்தட்டு வேலை, ஓய்வு பெற்று இப்போது பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறேன். டீச்சர் சொன்ன "தரையின் ஓட்டம்" எங்களுக்கு ஏட்டுப் பாடம் இல்லை, சோறு போட்ட விஷயம்.

கப்பலில் இரண்டு விதத் திசைகாட்டி இருக்கும். ஒன்று காந்தம். மற்றது கைரோ, வேகமாகச் சுழலும் சக்கரம். அதற்குக் காந்தத்தோடு சம்பந்தமே இல்லை. பூமியின் சுழற்சியை உணர்ந்து உண்மையான வடக்கைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். சுழற்சி எங்கே பலமோ அங்கே கைரோவும் பலம். நம் சிங்கப்பூர் நீரிணையில் அது சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், பூமத்தியரேகைக்கு 140 கி.மீ. பக்கத்தில் இருக்கிறோமே. 60 பாகையில் அந்தப் பிடிப்பு பாதி, 80 பாகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒருமுறை நார்வேக்கு வடக்கே 70 பாகையைத் தாண்டிப் போனோம். கப்பல் திரும்பும்போதெல்லாம் கைரோ தன் இடத்துக்கு வந்து நிற்க முன்னைவிட நேரம் எடுத்தது. கேப்டன் அரைமணிக்கு ஒருதரம் சூரியனை வைத்துச் சரிபார்க்கச் சொன்னார். இன்னும் மேலே போனால் கைரோவுக்கும் பிடிமானம் இருக்காது, காந்தமும் உதவாது. துருவத்துக்குப் போகும் கப்பல்கள் செயற்கைக்கோளைத்தான் நம்புகின்றன.

காந்த ஊசியைப் பற்றி இன்னொரு விஷயம். ஹாம்பர்க்கில் ஒரு கைக் காம்பஸ் வாங்கிச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தேன். இங்கே அதன் தெற்கு முனை தாழ்ந்து அடித்தட்டில் உரசியது. ஐரோப்பாவில் ஊசியின் வடக்கு முனை தரையைப் பார்த்துச் சாயும், அதைச் சமன்செய்யத் தெற்கு முனையில் எடை சேர்த்துச் செய்வார்கள். நம்மூரில் ஊசி கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் இருக்கும், தெற்குப் பக்கம்தான் லேசாகச் சாயும். ஊசி எந்தப் பக்கமும் சாயாத இடங்களைச் சேர்க்கும் கோடான காந்தப் பூமத்தியரேகை நமக்கு வடக்கே, வியட்நாமின் தென்முனை வழியாகப் போகிறது. அப்படிப் பார்த்தால் சிங்கப்பூர் நிலக்கணக்கில் வட பாதி, காந்தக் கணக்கில் தென் பாதி. இதே காந்தப் பூமத்தியரேகைதான் தமிழ்நாட்டின் தென்கோடிப் பக்கமும் போகிறது. அதன் பக்கத்தில், கேரளத்தின் தும்பாவில் 1963ல் ராக்கெட் ஏவுதளம் வைத்ததற்குக் காரணமே அதுதான்.

தெங்கா தம்பி, ஷெல்டர் கதவு கனத்த எஃகு, சுவருக்குள்ளும் நிறையக் கம்பி. அந்த வீட்டுக்குள் கைப்பேசிக் காம்பஸை நம்பாதீர்கள். வெளியே போய்ப் பாருங்கள். சிங்கப்பூரில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒரு பாகைகூட விலகாது. உலகத்தில் பல ஊர்களுக்கு இந்த வசதி கிடையாது.

ஈசூன்காரன் | சனி, காலை 8:15

கடலோடி ஐயா, மிக்க நன்றி. நேற்று நான் எழுதியது தவறு என்று இப்போது புரிகிறது.

ஒரு புதிர் ஞாபகம் வருகிறது. ஒருவர் 1 கி.மீ. தெற்கே நடக்கிறார், 1 கி.மீ. கிழக்கே நடக்கிறார், 1 கி.மீ. வடக்கே நடக்கிறார். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டார். எங்கிருந்து புறப்பட்டார்? வட துருவம் என்பது எனக்குத் தெரியும். வேறு இடமும் உண்டு என்கிறான் நண்பன்.

கல்லாங் கதிர் | சனி, காலை 9:02

நண்பர் சொல்வது சரி. தென் துருவத்துப் பக்கம் போங்கள். சுற்றளவு சரியாக 1 கி.மீ. வரும் வட்டம் ஒன்று அங்கே உண்டு, அதன் ஆரம் 159 மீட்டர். அந்த வட்டத்துக்கு 1 கி.மீ. வடக்கே, அதாவது துருவத்திலிருந்து 1,159 மீட்டர் தூரத்தில், எந்த இடத்தில் புறப்பட்டாலும் சரி. தெற்கே 1 கி.மீ. நடந்து வட்டத்தைத் தொடுவார், கிழக்கே 1 கி.மீ. நடந்தால் முழுச் சுற்றுப் போட்டு அதே புள்ளிக்கு வருவார், வந்த வழியே வடக்கே ஏறிவிடுவார். அரை கி.மீ. சுற்றளவுள்ள வட்டமாக இருந்தால் இரண்டு சுற்று. இப்படி விடைகளுக்கு முடிவே கிடையாது.

தென் துருவம் என்றதும் எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை, அண்டார்டிகா பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன் நான். வட துருவத்தில் நிலமே இல்லை. சுமார் 4 கி.மீ. ஆழக் கடல், மேலே மிதக்கும் பனி. தென் துருவத்தில் ஆட்கள் வருடம் முழுக்க வாழ்கிறார்கள். அமெரிக்காவின் அமுண்ட்சென்-ஸ்காட் நிலையம் அங்கே இருக்கிறது, காலடியில் 2,700 மீட்டர் தடிமனுக்குப் பனி. எந்தப் பக்கம் பார்த்தாலும் வடக்காக இருக்கும் இடத்தில் தினமும் வேலை பார்க்க வேண்டும். "பெட்ரோல் டிரம்மை வடக்கே வை" என்றால் எந்த வடக்கு?

அவர்கள் செய்தது எளிமையான வேலை. கிரீன்விச் கோடு (0 பாகைத் தீர்க்கரேகை) போகும் பக்கத்தை வடக்கு என்று பேசி முடிவு செய்துவிட்டார்கள். அதற்குக் கட்ட வடக்கு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம், வரைபடத்தின் மேல் கட்டம் போட்டது மாதிரி. எதிர்ப்பக்கம் தெற்கு, கிரீன்விச்சைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் கிழக்கு. நிலையத்தின் இடங்களுக்கெல்லாம் இந்தக் கணக்கில்தான் பெயர். காற்று பெரும்பாலும் கட்ட வடகிழக்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கம் எதையும் எரிக்காமல், வண்டி ஓட்டாமல் சுத்தமாக வைத்துக் காற்றை ஆராய்கிறார்கள். கடிகாரத்துக்கும் இதே கதைதான். எல்லா நேர மண்டலமும் கூடும் இடத்தில் எந்த நேரம் வைப்பது? சாமான் நியூசிலாந்து வழியாக வருகிறது, அதனால் நியூசிலாந்து நேரம்.

நான் மிகவும் ரசித்தது துருவக் கம்பம். பனிப்பாளம் வருடத்துக்குச் சுமார் 10 மீட்டர் நகர்கிறது. கம்பம் பனியோடு சேர்ந்து போய்விடும், துருவம் போகாது. அதனால் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் புதுக் கம்பத்தைச் சரியான இடத்தில் நடுகிறார்கள். அதன் உச்சியில் வைக்கும் அடையாளத்தைக் குளிர்காலம் முழுக்க அங்கே தங்கியவர்களே வடிவமைத்துச் செய்கிறார்கள். பழைய கம்பங்கள் நின்ற இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் பனி போன பாதை தெரியும்.

1911 டிசம்பர் 14 அன்று அமுண்ட்சென் அங்கே போய்ச் சேர்ந்தபோது கம்பமும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை. சூரியனின் உயரத்தை அளந்துதான் கணக்கு. கொஞ்சம் பிசகியிருந்தாலும் துருவத்தைத் தொட்டதாக ஆகாது என்று, தம் ஆட்கள் மூன்று பேரை மூன்று பக்கமும் பல கி.மீ. பனிச்சறுக்கில் அனுப்பினார். இவர்கள் போட்ட எல்லைக்குள் துருவம் எங்காவது இருக்கும் அல்லவா! அந்த நிதானத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

காம்பஸ் விஷயம் ஒன்று விட்டுப்போயிற்று. தென் துருவத்தில் காம்பஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். தெற்குக் காந்தத் துருவம் அங்கிருந்து ஏறக்குறைய 2,860 கி.மீ. தூரத்தில், அண்டார்டிகாவின் கரைக்கு வெளியே கடலில் இருக்கிறது. அவ்வளவு தூரம் இருப்பதால் ஊசி நன்றாகச் சாய்ந்தாலும் ஆஸ்திரேலியா இருக்கும் பக்கமாக ஒழுங்காகவே காட்டும். வட துருவத்தைவிடத் தென் துருவத்தில் காம்பஸுக்கு மதிப்பு அதிகம்.

பிடோக்வாசி | சனி, பகல் 11:40

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். படிக்கப் படிக்க எனக்குக் கிப்லா, அதாவது தொழும்போது பார்க்க வேண்டிய மக்காவின் பக்கம், ஞாபகம் வந்தது.

நாகூரில் எங்கள் பாட்டனார் மேற்கே பார்த்துத் தொழுதார். சிங்கப்பூரில் கிப்லா 293 பாகை, நேர் மேற்கிலிருந்து 23 பாகை வடக்கே தள்ளி. எங்கள் வீட்டில் தொழுகை விரிப்பு சுவருக்குச் சாய்வாகத்தான் கிடக்கும். "ஏன் மேற்கே போடவில்லை" என்று ஊரிலிருந்து வந்தவர்கள் கேட்டதுண்டு. இது மக்கா இருக்கும் பக்கம், மேற்கு என்ற பெயருக்காகப் போட்டதல்ல என்று வாப்பா சொல்வார்.

குமிழ்முனை சொன்னதை அப்படியே இங்கே வைத்துப் பார்க்கிறேன். மக்கா கிட்டத்தட்ட 40 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. வட துருவத்தில் தொழுகிறவர் அந்தக் கோட்டைப் பார்த்து நின்றால் போதும். தென் துருவத்திலும் அதே கோடுதான். கிழக்கு, மேற்கு என்ற சொல்லே வேண்டியதில்லை, ஊர் எந்தக் கோட்டில் என்று தெரிந்தால் சரி. தெங்கா சகோதரரே, உங்கள் மகள் வலது கையை நீட்டினால் அந்தக் கை எந்த ஊரைத் தொடும் என்று அவளிடம் கேளுங்கள்.

குமிழ்முனை | சனி, பகல் 11:52

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், என்னால் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியவில்லை. துருவத்தில் திசைக்குப் பெயர் ஊர்ப்பெயர்.

சாங்கிக் காற்று | சனி, பிற்பகல் 2:20

விமான நிலையத்தில் வேலை. சாங்கி ஓடுபாதைகளில் 02 என்று ஒரு முனையிலும் 20 என்று மறுமுனையிலும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 20 பாகை, 200 பாகை என்று அர்த்தம், காந்த வடக்கை வைத்துக் கணக்கு. கனடாவின் வட கோடியில் காந்தத்தை நம்ப முடியாது என்பதால் ஓடுபாதை எண்ணையே உண்மை வடக்கை வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

இங்கிருந்து நியூயார்க் நேரடி விமானம் 15,300 கி.மீ., பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். உருண்டையில் நூல் பிடித்தால் அந்த நூல் வட துருவத்துக்கு 300 கி.மீ.க்குள் போகும். இரண்டு ஊரும் தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட எதிரெதிர். காற்றைப் பார்த்துப் பாதை நாளுக்கு நாள் மாறும், பல நாள் பசிபிக் வழியாகவே போவார்கள். ஆனால் நூல் பிடித்த பாதையில் கொஞ்சம் இப்படி அப்படி ஆகி நேராகத் துருவத்துக்கு மேலேயே ஒரு விமானம் பறப்பதாக வையுங்கள். ஒரு நொடி வரை வடக்கே போய்க்கொண்டிருந்தது, இறக்கையை இம்மியும் சாய்க்கவில்லை, அடுத்த நொடி தெற்கே போய்க்கொண்டிருக்கும்.

பொன்னி | சனி, மாலை 5:05

தமிழ் ஆசிரியை நான். இந்த இழையை மதியத்திலிருந்து இரண்டு முறை படித்துவிட்டேன்.

நம் திசைப் பெயர்களே நிலத்தைப் பார்த்து வந்தவை. கீழாக இருக்கும் பக்கம் கிழக்கு, மேடாக இருக்கும் பக்கம் மேற்கு. மலை மேற்கிலும் கடல் கிழக்கிலும் இருக்கும் தமிழ்நாட்டுச் சரிவில் பிறந்த சொற்கள். சிங்கப்பூரில் மேடு புக்கிட் தீமா, அது தீவின் நடுவில் இருக்கிறது. ஆனாலும் சொல் நம்மோடு கப்பலேறி வந்துவிட்டது.

தெங்கா அப்பாவுக்குப் பழைய வழி ஒன்று சொல்கிறேன். தட்டையான இடத்தில் ஒரு கோலை நேராக நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காலையில் கோலின் நிழல் நீளமாக இருக்கும், பிறகு குறுகும். நிழல் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் மறுபடி நீண்டு வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் அதுதான் நேர் கிழக்கு மேற்கு. அரண்மனை கட்டத் தச்சர்கள் கோல் நட்டு, நண்பகலில் கயிறு பிடித்துத் திசை கண்டதைச் சங்க நூலான நெடுநல்வாடை சொல்கிறது. ஷெல்டர் கதவு இதை ஒன்றும் செய்யாது.

நிலாமகள் | சனி, மாலை 5:48

பொன்னி அக்கா, இதைத் துருவத்துக்குக் கொண்டு போய்ப் பாருங்கள்! ஜூன் 21 அன்று வட துருவத்தில் 1 மீட்டர் கோல் நட்டால் நிழல் 2.3 மீட்டர். காலை இல்லை, நண்பகல் இல்லை, நாள் முழுக்க அதே நீளம். நுனி முழு வட்டம் போட்டுவிட்டு வரும். நாம் போட்ட வட்டத்தைத் தொட்டால் எல்லாப் புள்ளியிலும் தொடும், இல்லாவிட்டால் ஓரிடத்திலும் தொடாது. கிழக்கு எங்கே என்று அந்தக் கோலைக் கேட்டால், நீயே எங்காவது கோடு போட்டுக்கொள் என்றுதான் அதுவும் சொல்லும்.

நம்மூர் இதற்கு நேர் எதிர். மார்ச் 24ஐ ஒட்டியும் செப்டம்பர் 20ஐ ஒட்டியும் பிற்பகல் 1 மணி வாக்கில் கோலுக்கு நிழலே இருக்காது. இன்னொன்றும் உண்டு. வட துருவத்தில் நிழல் எப்போதும் வலஞ்சுழி, தென் துருவத்தில் எப்போதும் இடஞ்சுழி. சிங்கப்பூரில் இரண்டையும் பார்க்கலாம். டிசம்பரில் சூரியன் நமக்குத் தெற்கே, நிழல் வலஞ்சுழியாகப் போகும். இப்போது ஜூன், சூரியன் வடக்கே, நிழல் இடஞ்சுழி.

தெங்கா அப்பா | புதன், இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி. பள்ளி விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமையே மகளும் நானும் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்குப் போனோம். பெரிய அட்டை, பசைக்களிமண், சாத்தே குச்சி ஒன்று. குச்சியைத் தரைக்கு மேல் சரியாக 10 செ.மீ. நிற்கும்படி வெட்டினாள். நூலில் ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டுக் குச்சி நேராக நிற்கிறதா என்று தாத்தா பார்த்தார். வீடு கட்டும்போது கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டு இதுதான் என்று அவளுக்குக் காட்டினார்.

முதல் நாள் காலைப் புள்ளி கிடைத்தது. இரண்டரை மணிக்கு மேகம் மூடி மழை கொட்டியது, அட்டை ஊறிப்போயிற்று. திங்களும் அப்படியே. செவ்வாய்க்கிழமை வானம் வழிவிட்டது. 7.4 செ.மீ. ஆரத்தில் வட்டம். காலை 11:04க்கு நிழல் நுனி வட்டத்துக்குள் வந்தது, பிற்பகல் 3:06க்கு வெளியே போனது. நடுவில் கால்மணிக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். டீச்சர் சொன்னபடி நிழல் குச்சிக்குத் தெற்கே, இடஞ்சுழியாகத்தான் போனது. 1:05க்கு மிகக் குட்டை, 4 செ.மீ. இரண்டு புள்ளிகளையும் சேர்த்துக் கோடு போட்டு அதன் மேல் கைப்பேசியை வைத்தோம். கடலோடி ஐயா சொன்னது போலத் திறந்தவெளியில் இரண்டும் ஒத்துப்போயின. எங்கள் புளோக்கின் சுவருக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்துகொண்டு வீட்டுக்கு வந்து, சாமி மேடைக்கு இடம் குறித்துவிட்டோம். ஷெல்டர் கதவிலிருந்து இரண்டடிதான். அப்பாவுக்கு முழுத் திருப்தி.

மகள் அதோடு விடவில்லை. வேறொரு அட்டையில் அதே 10 செ.மீ. குச்சிக்கு 23 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு "வட துருவம், ஜூன் 21" என்று எழுதினாள். வட்டத்தைச் சுற்றிக் கிழக்கு மேற்கு எழுதவில்லை. லண்டன் 0, மக்கா 40, சென்னை 80, சிங்கப்பூர் 104 என்று பாகைமானி வைத்துக் குறித்து, ஒவ்வொரு ஊர்ப்பெயருக்குக் கீழேயும் "தெற்கு" என்று எழுதியிருக்கிறாள். மக்காவைப் பார்த்து நின்று வலது கையை நீட்டினால் அமெரிக்கா பக்கம் போகிறதாம். பிடோக்வாசி அவர்களுக்குச் சொல்லச் சொன்னாள்.

அவளுடைய அடுத்த கேள்வி: அந்த நிழல் சிங்கப்பூரைத் தொடும்போது நமக்கு மணி என்ன?

கடலோடி | புதன், இரவு 9:10

நல்ல மாலுமியாக வருவாள். நிழல் நம் பக்கம் விழ வேண்டுமானால் சூரியன் துருவத்துக்கு அந்தப் பக்கம், நமக்கு நேர் எதிர்க் கோட்டில் நிற்க வேண்டும். அப்போது இங்கே நட்ட நடு இரவு. உங்கள் குச்சிக்கு 1:05க்கு உச்சி வந்ததல்லவா? அதிலிருந்து சரியாக 12 மணி நேரம் தள்ளி, இரவு 1:05.

தெங்கா அப்பா | வியாழன், காலை 7:15

அலாரம் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. 1:05க்குச் சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். சமையலறை ஜன்னல் வடக்குப் பக்கம். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜோகூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். தாத்தாவும் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.